விளையாட்டுப் போட்டியும் சிறப்புக் கூறுத் திட்டமும்

(கீழப்பழுவூரில் நடந்த மாணவர் – இளைஞர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். பேச்சு நடை முடிந்தவரை அப்படியே விடப்பட்டுள்ளது.)



எனக்குக் கொடுத்திருக்கிற தலைப்பைக் கேட்டதும் சிலர் சிரித்திருப்பீர்கள். கூலிப் பிரச்சினை இருக்கு, பஞ்சமி நிலம் இருக்கு, சுண்ணாம்புக்கல் சுரங்கத்துக்கு நிலத்தை விட்டவன் பாடு இருக்கு. இதையெல்லாம் விட்டுட்டு, எந்த ஊரில் உலக விளையாட்டுப் போட்டி நடக்கப்போவுதுன்னு கீழப்பழுவூரில் உட்கார்ந்து பேசணுமா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். பேசியாக வேண்டும் என்று நான் ஏன் நினைக்கிறேன் என்பதைச் சொல்கிறேன்.

2025 நவம்பர் 26 அன்று ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் காமன்வெல்த் விளையாட்டு அமைப்பின் பொதுச்சபை கூடியது. 2030 ஆம் ஆண்டுப் போட்டியை அகமதாபாத்துக்குக் கொடுத்தது. முதல் போட்டி 1930 இல் கனடாவின் ஹாமில்டனில் நடந்தது. ஆக, இது நூற்றாண்டுப் போட்டி. இதோடு முடியவில்லை. 2036 ஒலிம்பிக்கையும் நடத்த விரும்புகிறோம் என்று 2024 அக்டோபரிலேயே இந்தியா சர்வதேச ஒலிம்பிக் குழுவுக்குக் கடிதம் கொடுத்துவிட்டது. அதற்கும் அகமதாபாத்தைத்தான் முன்னிறுத்துகிறார்கள். பத்திரிகையைத் திறந்தால் தேசப் பெருமை. மொடேரா ஸ்டேடியத்தில் 1,32,000 பேர் உட்காரலாமாம். அதைச் சுற்றி இன்னும் எத்தனை அரங்கம் வரும், எந்த ஆட்டம் எங்கே நடக்கும் என்பதுதான் ஊர் முழுக்கப் பேச்சு.

நாம் கேட்க வேண்டியது வேற. இதுக்கெல்லாம் எந்தத் தலைப்பிலிருந்து பணம் எடுக்கப்போறாங்க? கற்பனையாகக் கேட்கவில்லை. ஒரு தடவை நம்ம தலைப்பிலிருந்து எடுத்திருக்காங்க.

டெல்லி 2010

சிறப்புக் கூறுத் திட்டம் என்றால் என்னவென்று மாணவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். மக்கள்தொகையில் பட்டியல் சாதியினர் எத்தனை சதவீதமோ, திட்டச் செலவில் அத்தனை சதவீதத்தை அவர்களுக்கென்றே ஒதுக்க வேண்டும். 1979-80 இல் தொடங்கியது. பிறகு துணைத் திட்டம் என்று பெயர் மாறியது. தமிழ்நாட்டில் 2011 கணக்கெடுப்பின்படி நாம் 20 சதவீதம். இந்தப் பணத்தை வேறெதற்கும் திருப்பக்கூடாது, செலவாகாமல் மிஞ்சினாலும் காலாவதி ஆகக்கூடாது என்று திட்டக் குழுவின் வழிகாட்டு நெறிகளே சொல்லின. சொத்தில் பங்கு மாதிரி இது. யாரும் போடுகிற பிச்சை கிடையாது.

இப்போ டெல்லிக்கு வருவோம். 2003 இல் ஜமைக்காவில் நடந்த வாக்கெடுப்பில் ஹாமில்டனைத் தோற்கடித்து, 2010 போட்டியை நடத்தும் உரிமையை டெல்லி வாங்கியது. கலந்துகொள்ளும் ஒவ்வொரு நாட்டுக்கும் வீரர்களின் பயிற்சிக்காக ஒரு லட்சம் டாலர் தருகிறோம் என்று சொல்லி வாங்கியது. ஓட்டுக்குப் பணம் கொடுக்கிறது நம்ம பக்கத்துப் பழக்கம் மட்டும்னு நினைக்காதீங்க! போட்டி முடிந்தபின் 2011 இல் வந்த தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் அறிக்கை, மொத்தச் செலவு 18,000 கோடி ரூபாய்க்கு மேல் என்றது. கல்மாடி கைதானார், ஊழல் என்று நாடே பேசியது. அந்தக் கூச்சலில் அமுங்கிப்போன ஒரு செய்தி இருக்கிறது.

வீட்டுவசதி, நில உரிமைக்காக வேலை செய்யும் ஒரு அமைப்பு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டுத் தாள்களை வாங்கியது. டெல்லி அரசின் சிறப்புக் கூறுத் திட்டத்திலிருந்து 2006-07 தொடங்கி ஐந்து ஆண்டுகளில் 744 கோடி ரூபாய் காமன்வெல்த் போட்டி வேலைகளுக்குப் போயிருக்கிறது என்று அந்தத் தாள்களை வைத்து அது சொன்னது. தலித் இயக்கங்கள் தெருவுக்கு வந்தன. நாடாளுமன்றத்தில் கேள்வி எழுந்தது. 2010 ஆகஸ்ட் கடைசியில், அன்றைய உள்துறை அமைச்சர் ப. சிதம்பரம், நம்ம தமிழ்நாட்டுக்காரர்தான், மாநிலங்களவையில் எழுந்து நின்று ஒப்புக்கொண்டார். 678 கோடி ரூபாய் திருப்பிவிடப்பட்டது, அது தவறு, பணம் திரும்ப வைக்கப்படும் என்றார்.

தோழர்களே, ஒப்புக்கொண்டார் என்பதை நாம் குறித்துக்கொள்ள வேண்டும். நாளைக்கு எவனாவது 'இதெல்லாம் நீங்களே கிளப்பிவிடுற புரளி' என்றால், அரசாங்கமே அவையில் சொன்னது என்று சொல்லலாம். ஆனால் திரும்ப வைப்போம் என்ற வார்த்தையையும் உடைத்துப் பார்க்க வேண்டும். 2007 இல் உதவித்தொகை வராமல் காலேஜை விட்டு நின்ன பொண்ணுக்கு 2011 இல் அந்தப் பணத்தைக் கணக்கில் திரும்ப எழுதினால் என்ன பிரயோசனம்? அவளுக்கு அதுக்குள்ளே கல்யாணம் ஆகி இரண்டு பிள்ளை இருக்கும். ஒரு மாணவர் விடுதி கட்ட 3 கோடி என்று வைத்துக்கொண்டால்கூட, 678 கோடியில் 226 விடுதிகள். கட்டாமல் போன விடுதியில் படிக்காமல் போனவர்களை எந்தக் கணக்கில் எழுதுவார்கள்?

எப்படி எடுக்கிறார்கள் என்பதையும் புரிந்துகொள்ளுங்கள். பூட்டை உடைப்பதில்லை. எல்லாம் பேனாவிலேயே முடிகிறது. 100 கோடிக்கு ஒரு மேம்பாலம் போடுகிறான். ஸ்டேடியத்துக்குத் தெருவிளக்கு போடுகிறான். டெல்லியில் பட்டியல் சாதியினர் சுமார் 17 சதவீதம். 'இந்தப் பாலத்தில் அவர்களும் நடப்பார்கள், இந்த வெளிச்சம் அவர்கள் மேலும் படும், எனவே இதில் 17 கோடி அவர்களுக்கான செலவு' என்று எழுதிவிடலாம். பகுக்க முடியாத செலவு என்று இதற்கொரு பெயர்.

நம்ம பக்கத்தில் பல ஊர்களில் திருவிழாவுக்குச் சேரியில் வரி வாங்க மாட்டான். ஏன்? வரி கொடுத்தவன் பங்கு கேட்பான், தேரை எங்க தெருவுக்குள்ளே விடு என்பான். அந்தப் பயம். டெல்லி, ஊர்த்தெருவைவிட விவரமானது. வரியை வாங்கிக்கொண்டது, வாங்கியதை நமக்கே தெரியாமல் பார்த்துக்கொண்டது.

யார் உடம்பு?

ஸ்டேடியம் என்பது என்ன? சிமெண்டு, கம்பி, மனித உடம்பு. சிமெண்டைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அரியலூர் மாவட்டத்து மண்ணுக்கடியில் இருக்கிற சுண்ணாம்புக்கல்தான் இத்தனை ஆலைகளையும் இங்கே கொண்டுவந்தது. தோண்டின பள்ளம் நமக்கு, லாரிப் புழுதி நமக்கு. மூட்டை மட்டும் வெளியூர் போகும். கட்டுகிற இடத்தில் கல்லும் மண்ணும் சுமக்கிற சித்தாள் யார் என்று பார்த்தால், எந்த மாநிலமானாலும் பெரும்பாலும் நம்ம சனம்தான்.

1982 இல் டெல்லியில் ஆசிய விளையாட்டுப் போட்டி நடந்தது. அதற்கான கட்டுமானங்களில் குறைந்தபட்சக் கூலி நாளொன்றுக்கு 9 ரூபாய 25 காசு. ஆனால் ஆள் பிடித்துக் கொண்டுவந்த ஜமேதார், நம்ம பாஷையில் கங்காணி, தலைக்கு ஒரு ரூபாய் பிடித்துக்கொண்டான். கைக்கு வந்தது 8 ரூபாய் 25 காசு. மக்கள் ஜனநாயக உரிமைக்கான ஒன்றியம் இதை ஆராய்ந்து உச்சநீதிமன்றத்துக்குக் கடிதம் எழுதியது. அந்தக் கடிதமே வழக்கானது. 1982 செப்டம்பரில் நீதிபதி பகவதி அமர்வு தீர்ப்புச் சொன்னது: குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே கொடுத்து வேலை வாங்குவது, அரசியல் சட்டத்தின் 23 ஆவது பிரிவு தடைசெய்யும் கட்டாய உழைப்பு. வறுமைக்குப் பயந்து ஒருவன் வேலைக்கு ஒப்புக்கொண்டாலும் அது கட்டாயம்தான். அதே தீர்ப்பு இன்னொன்றும் சொன்னது. தீண்டாமையை ஒழிக்கும் 17 ஆவது பிரிவு உள்பட இந்த உரிமைகளை அரசுக்கு எதிராக மட்டுமல்ல, தனி ஆளுக்கு எதிராகவும் கேட்கலாம் என்றது.

இந்தியாவில் கூலிக்காரனுக்குக் கிடைத்த பெரிய தீர்ப்புகளில் ஒன்று இப்படி ஒரு விளையாட்டுப் போட்டியிலிருந்துதான் வந்தது. சட்டம் படிக்கிற பிள்ளைகள் இதை மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும். ஆனாலும் 28 வருசம் கழித்து அதே டெல்லியில், 2010 போட்டிக்கான கட்டுமான இடங்களில், அதே கூலிக் குறைப்புக்காக அதே ஒன்றியம் மறுபடியும் நீதிமன்றம் போக வேண்டியிருந்தது.

இது வெளிநாட்டிலும் நம்மை விடாது. அரியலூர், பெரம்பலூர் மாவட்டங்களிலிருந்து வளைகுடாவுக்குப் போன பிள்ளைகள் ஏராளம். 2022 உலகக் கோப்பைக் கால்பந்துக்காகக் கத்தாரில் ஸ்டேடியங்கள் எழுந்தன. அந்த வேலைகளில் 400 முதல் 500 தொழிலாளர்கள் செத்திருக்கலாம் என்று போட்டிக் குழுவின் தலைமைச் செயலாளரே ஒரு பேட்டியில் சொன்னார். 2034 உலகக் கோப்பையைச் சவூதி அரேபியாவுக்குக் கொடுத்து 2024 டிசம்பரில் முடிவு எடுத்தாகிவிட்டது. போட்டியிட வேற நாடே கிடையாது. 15 ஸ்டேடியங்கள் என்கிறார்கள். அதற்குச் சாரம் கட்டப்போகிறவன் இன்றைக்கு நம்ம ஏதோ ஒரு காலனியில் ஒன்பதாவது படித்துக்கொண்டிருப்பான். 2034 என்பது ஏதோ தூரத்தில் இருக்கிற வருசம் என்று நினைக்காதீர்கள்.

சுவர்

மூன்றாவது, இடம். 2004 இல் டெல்லியில் யமுனைக் கரையிலிருந்த யமுனா புஷ்டா குடிசைப் பகுதி இடிக்கப்பட்டது. மக்களில் ஒரு பகுதியை நகரத்துக்கு வெளியே பவானாவில் கொண்டுபோய்ப் போட்டார்கள். ஆத்தோரம் குடிசை ஆகாது என்ற அதே யமுனையின் கரையில்தான் பிறகு 2010 போட்டிக்கான வீரர்கள் கிராமத்தைக் கட்டினார்கள். மிச்சமிருந்த குடிசைகள் வெளிநாட்டுக்காரன் கண்ணில் படாமலிருக்க விளம்பரத் தட்டிகளை வைத்து மறைத்தார்கள்.

அகமதாபாத் ஒரு படி மேலே போனது. 2020 பிப்ரவரியில் அமெரிக்க அதிபர் டிரம்ப் மொடேரா ஸ்டேடியத்துக்கு வந்தார். விமான நிலையத்திலிருந்து போகும் வழியில் சரணியாவாஸ் என்ற குடிசைப் பகுதி. அதன் முன்னால் மாநகராட்சி அவசர அவசரமாகச் சுவர் எழுப்பியது. ஆக்கிரமிப்பைத் தடுக்கத்தான் கட்டினோம், அதிபர் வருகைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்றது. சுவர் கட்டுகிறவன் என்றைக்குத்தான் உண்மையான காரணத்தைச் சொல்லியிருக்கிறான்? உத்தபுரத்தில் சுவர் கட்டினவன் சாதிக்காக என்றா சொன்னான்? பாதுகாப்புக்காக என்றான். அதில் ஒரு பகுதியை இடிக்க 2008 வரை போராட வேண்டியிருந்தது. மேட்டுப்பாளையம் நடூரில் 2019 டிசம்பர் 2 விடியற்காலையில் வீடுகள் மேல் விழுந்த சுவர் 17 பேரைக் கொன்றது. அதற்கும் வீட்டுச் சுற்றுச்சுவர் என்றுதான் பெயர். அது விழுந்து மூன்று மாதம்கூட ஆகாத நேரத்தில்தான் அகமதாபாத்தில் சுவர் எழுந்தது. ஊரையும் சேரியையும் பிரிக்கிற அறிவைத்தான் நகர அழகு என்று புதுப் பெயர் வைத்துச் செய்கிறார்கள்.

தமிழ்நாட்டுக்கு வருவோம். சென்னையில் கூவம், அடையாறு கரைகளிலிருந்து பிடுங்கப்பட்ட மக்களை 2000 முதல் கண்ணகி நகரிலும், பிறகு செம்மஞ்சேரி, பெரும்பாக்கத்திலும் கொண்டுபோய் அடுக்கினார்கள். பெரும்பகுதி தலித் மக்கள். வேலைக்கு 20 கிலோமீட்டர் போகணும், பள்ளிக்கூடம் போதாது, 'எந்த ஏரியா' என்று கேட்டால் பெயரைச் சொல்லக் கூச்சம். அந்தச் செம்மஞ்சேரியில்தான் இப்போது உலக விளையாட்டு நகரம் என்றொரு திட்டம். நான் அதை வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். அந்த மைதானத்தின் சாவி யாரிடம் இருக்கும்? சாயங்காலம் ஐந்து மணிக்குக் குடியிருப்புப் பிள்ளைகள் பத்துப் பேர் பந்தை எடுத்துக்கொண்டு போனால் காவலாளி கேட்டைத் திறப்பாரா, மாதக் கட்டண அட்டையைக் கேட்பாரா?

இந்தக் கேள்வி ஏன் முக்கியம்? 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் போட்டியில் கபடியில் தங்கம் வாங்கிய இந்தியப் பெண்கள் அணியில் கண்ணகி நகர் கார்த்திகா இருந்தார். அந்தப் பிள்ளைக்காக யாரும் உலக விளையாட்டு நகரம் கட்டித் தரவில்லை. பக்கத்திலே ஒரு மைதானம், சொல்லிக்கொடுக்க ஒரு ஆள், விடாமல் ஆடுகிற ஒரு கூட்டம். அவ்வளவுதான். நம்ம மாவட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அரியலூர் கார்த்தி செல்வம் இந்திய ஹாக்கி அணிக்காக ஆடினார். 2023 இல் சென்னையில் ஆசிய சாம்பியன்ஸ் கோப்பையை வென்ற அணியில் இருந்தார். ஆட்டக்காரர்கள் ஸ்டேடியத்தில் பிறப்பதில்லை, தெருவில்தான் பிறக்கிறார்கள்.

ஜெயித்து வந்தால் சாதி போய்விடும் என்றும் நினைக்காதீர்கள். நூறு வருசத்துக்கு முன்னால் பல்வங்கர் பாலு என்ற தலித் பந்துவீச்சாளர், 1911 இல் இங்கிலாந்து போய் விக்கெட்டுகளைக் குவித்தவர், இந்து அணிக்குத் தலைவராக முடியவில்லை. சரி, அது பழைய காலம். 2021 ஆகஸ்டில் டோக்கியோ ஒலிம்பிக். இந்தியப் பெண்கள் ஹாக்கி அணி அரையிறுதியில் தோற்றது. அந்தப் போட்டிகளில் ஒரே ஆட்டத்தில் மூன்று கோல் போட்ட வந்தனா கட்டாரியாவின் வீட்டு வாசலில், உத்தரகாண்டில், வெடி வெடித்துச் சாதி சொல்லித் திட்டினார்கள். 'தேசப் பெருமை' என்று யாராவது பேசினால் இந்த வாசலை அவர்களுக்கு ஞாபகப்படுத்துங்கள்.

நாம் செய்ய வேண்டியது

அப்போ போட்டியே வேண்டாமா என்று ஒரு தம்பி துண்டுச் சீட்டில் கேட்டிருக்கிறார். வேண்டாம் என்று சொல்லும் உரிமை மக்களுக்கு உண்டு என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். 2015 இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரத்தில் ஒலிம்பிக் நடத்தலாமா என்று மக்களிடமே வாக்கெடுப்பு நடத்தினார்கள். வேண்டாம் என்றார்கள், நகரம் விலகிக்கொண்டது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் 2026 காமன்வெல்த் போட்டியை ஏற்றுக்கொண்டு, செலவு எகிறியதைப் பார்த்து 2023 இல் கைவிட்டது. அகமதாபாத்தில் யாராவது சரணியாவாஸ் மக்களைக் கேட்டார்களா?

ஆனால் நம்ம கோரிக்கை அதுவல்ல. ஆட்டம் நம்முடையது. ஓடுகிற காலும் எறிகிற கையும் நம்மிடம்தான் இருக்கிறது. போட்டி நடக்கட்டும். நம்ம பங்கைத் தொடாமல் நடத்து, கூலியை முழுசாகக் கொடுத்து நடத்து, யாரையும் துரத்தாமல் நடத்து. இதைத்தான் கேட்கிறோம்.

இங்கே கட்சியைப் பார்க்காதீர்கள். 2010 இல் மத்தியிலும் டெல்லியிலும் ஆண்டது காங்கிரஸ். குஜராத்தில் ஆள்வது பாரதிய ஜனதா. கொடி மாறும், கணக்கு எழுதும் பேனா மாறாது. போட்டிக்கு ஒரு தேதி குறித்துவிட்டால், அந்தத் தேதியைக் காட்டியே எல்லா விதிகளையும் தள்ளிவைப்பார்கள். அவசரம் என்று வந்துவிட்டால் யார் பை தளர்ந்திருக்கிறதோ அதில்தான் கை போகும். நம்ம பை ஏன் தளர்ந்திருக்கிறது? நெறிமுறை இருந்ததே தவிர, அதைக் காக்கச் சட்டம் இல்லை. ஆந்திராவும் கர்நாடகமும் 2013 இல், தெலங்கானா 2017 இல், தமிழ்நாடு 2024 இல் துணைத் திட்டத்துக்குச் சட்டம் கொண்டுவந்தன. அப்படி ஒரு மத்தியச் சட்டம் இல்லை. சட்டம் வந்தாலும் ஓட்டையைப் பார்க்கணும். கர்நாடகச் சட்டத்தில் 7(டி) என்ற பிரிவு, பொதுவான கட்டுமானச் செலவில் ஒரு பங்கை நம்ம கணக்கில் எழுத இடம் கொடுத்தது. அதை நீக்க 2023 ஆகிவிட்டது. நம்ம மாநிலச் சட்டத்தையும் மாணவர்கள் வரி வரியாகப் படித்து, அப்படி ஏதும் சந்து இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

படிப்பது மட்டும் போதாது, தோழர்களே. மூன்று வேலைகளை இன்றைக்கே பிரித்துக்கொள்வோம்.

ஒன்று, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி மனுப் போடுவது. நம்ம மாநிலத்தில் கடந்த ஐந்தாண்டுகளில் விளையாட்டுத் துறை துணைத் திட்டத் தலைப்பில் எவ்வளவு காட்டியிருக்கிறது, எந்தெந்தக் கட்டுமானத்துக்கு, அது எந்தக் காலனியில் இருக்கிறது? 30 நாளில் பதில் வர வேண்டும். டெல்லிக் கணக்கை வெளியே கொண்டுவந்ததும் இதே சட்டம்தான். அங்கே ஆள் பார்க்கும்போது பணம் போய் நாலு வருசம் ஆகியிருந்தது. 2030 க்கு நாம் முன்கூட்டியே கேட்க வேண்டும். குஜராத்திலும் டெல்லியிலும் இருக்கிற தலித் அமைப்புகளுக்கு எழுதுவோம். ஒவ்வொரு பட்ஜெட்டிலும் அவர்கள் அங்கே பார்க்கட்டும், நாம் இங்கே பார்ப்போம்.

இரண்டு, ஒன்றியத்தில் இருக்கிற ஒவ்வொரு காலனியாகப் போய் எழுதி வருவது. விளையாட இடம் இருக்கா? இருந்தால் அது யார் பெயரில் இருக்கு? ஊர் மைதானத்தில் நம்ம பிள்ளைகள் ஆட முடியுதா, இல்லை காலனி டீம் தனி, ஊர் டீம் தனியா? பொது மைதானம் என்று பதிவேட்டில் இருப்பது உண்மையில் யாருக்குப் பொது? பெண் பிள்ளைகள் எங்கே ஆடுறாங்க? இந்தப் பட்டியலை எடுத்துக்கொண்டு அடுத்த கிராம சபையில் தீர்மானம் கேட்போம். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய தேதிகளில் கிராம சபையைக் கூட்டியாக வேண்டும். தலைவர் கையெழுத்தை மட்டும் வாங்கிக்கொண்டு போக விடாதீர்கள்.

மூன்று, கட்டட வேலைக்கும் வளைகுடாவுக்கும் போகிறவர்களின் பெயர்ப் பதிவேடு ஒன்றை நாமே வைத்துக்கொள்வது. யார் அழைத்துப் போனான், எவ்வளவு கூலி பேசினான், ஒப்பந்தத்தின் நகல் வீட்டில் இருக்கிறதா? 1982 இல் அந்த ஒரு ரூபாய் பிடித்தத்தை யாரோ எழுதி வைத்ததால்தான் உச்சநீதிமன்றம் வரை அது போனது.

முதல் மனுவை இப்போதே எழுதிவிடலாம் என்று நினைக்கிறேன். பின்னால் மேசையில் தாள் வைத்திருக்கிறோம். எழுதத் தெரிந்த மாணவர்கள் கூட்டம் முடிந்ததும் கிளம்பிவிட வேண்டாம். பக்கத்தில் இருக்கிற ஒரு அம்மாவின் பெயரில் ஒரு மனுவை எழுதி, அவர்களுக்குப் படித்துக் காட்டிக் கையெழுத்தோ ரேகையோ வாங்குங்கள். கேட்கிறவர் யார் என்று அலுவலகத்துக்குத் தெரியட்டும்.